உயிர் காத்த வினா

மாரி வருமுன் கூரை வேய்கின்றோம். வெள்ளம் பெருகுமுன் குளக்கட்டைத் திருத்துகின்றோம். வரும் என்று தெரிந்த இடருக்கு முன்னரே காவல் செய்துகொள்வது நம்மவர்க்குப் புதியதன்று. ஆயின், ஆண்டுதோறும் நாட்குறித்து வருகின்ற ஓர் இடருக்கு மாத்திரம் நாம் போதிய காவல் செய்வதில்லை. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளிலே இளையோர் சிலரின் உள்ளத்தில் மூளும் இடரே அது. அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு நகரத்து மாணாக்கர்க்கெல்லாம் காவல் நின்றவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன். அவர் பெயர் விக்டர் பிராங்கிள், ஊர் ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னா, தொழில் வைத்தியம்.

பிராங்கிளை அறிந்தோருட் பலர், நாசிகளின் வதைமுகாம்களிலே கிடந்து மீண்டு, அந்த அனுபவத்தை நூலாக எழுதியவர் என்றே அவரை அறிவர். அப்புகழ் நாற்பது வயதுக்குப் பின் வந்தது. இருபத்துமூன்றாம் வயதிலே, வைத்தியக் கல்வி முடியுமுன்னரே, அவர் தொடங்கிய பணி ஒன்றுண்டு. அதனை அறிந்தோர் சிலரே. தமிழ் கற்பிக்கும் எனக்கு உளநூல் சொந்தத் துறையன்று. எனினும், பள்ளிப் பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழிப்பவன் என்ற முறையில், அவர் வரலாற்றின் அந்தப் பகுதியே என் உள்ளத்தை மிகவும் பற்றிக்கொண்டது.

1905ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆந் திகதி, வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்திலே பிராங்கிள் பிறந்தார். தந்தையார் கேப்ரியல், அரசாங்க உத்தியோகத்தர், கடமையிற் கண்டிப்பானவர். தாயார் எல்சா, பிராக் நகரத்தவர், கனிந்த உள்ளத்தினர். மூன்று பிள்ளைகளுள் நடுப்பிள்ளை நம் வைத்தியர். அவருக்கு ஒன்பது வயதானபோது முதலாம் உலகப்போர் மூண்டது. உத்தியோக வருவாய் இருந்தும் பசி வீட்டுக்குள் நுழைந்தது. பிள்ளைகள் நாட்டுப்புறத்துப் பண்ணைகளுக்குச் சென்று ரொட்டி இரந்து வந்த நாள்களும் இருந்தன. 1918இலே போர் முடிந்தபோது பேரரசு சிதைந்தது, பணத்தின் மதிப்பு விழுந்தது, வேலையின்மை பெருகியது. அத்தகைய காலத்திலே வளர்ந்த தலைமுறை அவருடையது.

பதின்மூன்று வயதளவிலே, பள்ளிக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. விஞ்ஞான ஆசிரியர் வகுப்பிலே உலாவியவாறு, உயிர் வாழ்க்கை என்பது எரிதல் என்னும் இரசாயன மாற்றமேயன்றி வேறில்லை என்று விளக்கினார். சிறுவன் பிராங்கிள் துள்ளி எழுந்தான். அப்படியாயின் வாழ்க்கைக்குப் பொருள்தான் என்ன என்று கேட்டான். ஆசிரியர் பாடத்தைச் சொன்னார். மாணாக்கன் தன் வாழ்க்கையைக் கேட்டான். வகுப்பறையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று காணாமலே கடந்துபோவது பெரும்பான்மை. அன்று கேட்ட கேள்வியைப் பிராங்கிள் பின்பு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக விடவில்லை.

வியன்னாவிலே மாணாக்கர் தற்கொலை அக்காலத்திற் புதிய செய்தியன்று. 1910ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே, சிக்மண்ட் புரொய்டின் உளப்பகுப்பாய்வுக் கழகத்தார் இதனைப் பொருளாக வைத்துக் கூடி ஆராய்ந்தனர். பிள்ளையைச் சாவை நோக்கித் தள்ளாதிருத்தல் மாத்திரம் பள்ளிக்கூடத்துக்குப் போதாது. வாழும் விருப்பத்தை ஊட்டுதலும் அதன் கடன் என்பது புரொய்டின் கருத்து. அல்பிரட் அட்லர் என்னும் மற்றோர் அறிஞரும் அவ்வாராய்ச்சியிற் பங்குகொண்டார். அறிஞர் ஆராய்ந்தனர். துயருற்ற மாணவன் ஒருவன் சென்று தட்டுவதற்கு ஒரு கதவை அந்தக் கூட்டம் அமைத்துக் கொடுக்கவில்லை.

பிராங்கிள் மாணவப் பருவத்திலேயே புரொய்டுக்குக் கடிதங்கள் எழுதினார். அவர் எழுதிய கட்டுரையொன்று 1924இலே புரொய்டின் சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் அட்லரின் குழாத்திற் சேர்ந்தார். ஆசிரியர் கருத்தை அப்படியே ஏற்காமையால், 1927இலே அக்குழாத்தினின்றும் நீக்கப்பட்டார். அப்பொழுது வயது இருபத்திரண்டு. பெரியார் இருவரின் நிழலையும் விட்டு வெயிலில் நின்ற அந்த இளைஞர், அடுத்த ஆண்டிலே தம்மினும் இளையோர்க்கு நிழல் அமைக்கத் தொடங்கினார்.

1928ஆம் ஆண்டு, வியன்னாவில் இளைஞர் ஆலோசனை நிலையங்கள் தோன்றின. வாழ்வில் வெறுப்புற்ற பெரியோர்க்கென வில்லெம் பேர்னர் என்பவர் நடத்திய நிலையம் அவற்றுக்கு முன்மாதிரி. பிராங்கிளின் ஏற்பாடு மிக எளியது. வைத்தியர், உளநூலார், கல்வியாளர் பலர் தத்தம் வீட்டிலோ அலுவலகத்திலோ வாரத்திற் சில மணி நேரம் ஒதுக்குவர். அவர்களின் முகவரிகள் யாவரும் அறிய வெளியிடப்படும். இளையோர் எவரும் செல்லலாம். கட்டணம் இல்லை; பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. குழந்தை உளநூலில் வல்ல சார்லொட் பியூலர் அம்மையாரும், வழிதவறிய சிறுவர்களைத் திருத்துவதிற் புகழ்பெற்ற ஓகஸ்ட் ஐக்கோர்னும் ஆலோசகர் வரிசையில் நின்றனர். கொள்கையால் மாறுபட்ட பலரை ஒரு பணியிலே சேர்த்தவர் ஒரு மாணாக்கர் என்பது வியப்புக்குரியது. பிராங்கிளின் பெற்றோர் வாழ்ந்த வீடும் முகவரிகளுள் ஒன்றாயிற்று. வியன்னாவைப் பார்த்து வேறு ஆறு நகரங்களும் இவ்வாறே செய்தன.

வந்தோர் கொண்டுவந்த துயரங்கள் யாவை? வீட்டிலே பெற்றோருடன் பிணக்கு, காதற் கலக்கம், வேலையின்மை, பள்ளிக்கூடத்துத் தோல்வி. பெரியோர்க்கு இவை காலத்தால் ஆறும் புண்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ இவையே உலகம். ஒரு தோல்விக்குப் பின்பும் வாழ்க்கை நடக்கும் என்பதை முன்பு கண்டறிந்த அனுபவம் அப்பிள்ளைக்கு இல்லை. இளையோர் துயரை அளப்பவர் பெரியோரின் அளவுகோலைக் கையில் எடுக்கலாகாது.

1930இலே பிராங்கிள் ஒன்றைக் கவனித்தார். பள்ளியாண்டு முடிந்து தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாள்களிலே மாணாக்கர் தற்கொலைகள் மிகுந்தன. இடர் எங்கே வரும் என்பது தெரியாவிட்டாலும், எப்போது வரும் என்பது தெரிந்தது. ஆகவே அந்த நாள்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்தார். அறிக்கை கையிற் கிடைத்து, வீடு செல்ல அஞ்சும் பிள்ளை, வீட்டுக்குச் செல்லுமுன் சென்று பேசுதற்கு ஆள்கள் காத்திருந்தனர். அவ்வாண்டு மாணாக்கர் தற்கொலைகள் குறைந்தன. 1931இலே, பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, வியன்னாவில் மாணாக்கர் தற்கொலை ஒன்றேனும் நிகழவில்லை என்று பதிவாயிற்று.

இக்கணக்கை அளவோடு கொள்ளல் வேண்டும். ஒரு நகரத்தின் ஓராண்டுத் தொகை அது. பிற காரணங்களும் உதவியிருக்கலாம். முழுப் பெருமையையும் ஒரு நிலையத்தின் தலையிலே சூட்டுதல் நடுநிலையாகாது. ஆயினும் அந்த ஏற்பாட்டிலே நான் போற்றுவது வேறொன்று. துயருற்ற பிள்ளை தானாக வரட்டும் என்று அவர் இருக்கவில்லை. ஆடை நெகிழும்போது கையானது ஏவாமலே ஓடிச் சென்று பற்றுவது போல, நட்பு விரைந்து உதவ வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய இலக்கணம். அந்த இலக்கணத்தை ஒரு நகரத்து நிருவாகமாக்கிக் காட்டியவர் பிராங்கிள்.

1930இலே வைத்தியப் பட்டம் பெற்ற அவர், 1933 முதல் 1937 வரை வியன்னாவின் ஸ்ரைன்ஹோவ் மனநோய் வைத்தியசாலையிலே, தற்கொலைக்கு முயன்ற பெண்களுக்குரிய பகுதியைக் கவனித்தார். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3000 நோயாளர் அவர் பார்வையின் கீழ் வந்தனர். இங்கேதான் மிக நுட்பமான ஒரு பிரச்சினை எழுந்தது. ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று சில நிமிடங்களுக்குள் முடிவு செய்தல் வேண்டும். இன்னும் சாக எண்ணுகின்றீரோ என்று கேட்டால், எல்லாரும் இல்லை என்பர். உண்மையாகத் தேறியவரும் இல்லை என்பார். வீடு சென்று எண்ணியதை முடிக்கத் துடிப்பவரும் இல்லை என்பார். சொல் ஒன்று, பொருள் இரண்டு. எவ்வாறு பிரித்தறிவது?

பிராங்கிள் இரண்டாவதாக ஒரு வினாவைக் கேட்டார். ஏன் இல்லை என்பதே அவ்வினா. உண்மையாகத் தேறியவரிடம் விடை ஆயத்தமாய் இருக்கும். பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்பார். முடிக்க வேண்டிய வேலை இருக்கின்றது என்பார். தம் சமயம் அதற்கு இடந்தராது என்பார். எண்ணத்தை மறைப்பவரோ திகைப்பார், கண்ணைத் தாழ்த்துவார், ஏதேனும் சொல்லித் தம்மை வெளியே விடும்படி மன்றாடுவார். அவர் இன்னும் காவலில் இருக்க வேண்டியவர் என்று வைத்தியர் அறிந்துகொள்வார்.

இவ்விடத்திலே இலக்கண ஆசிரியனுக்கு ஒரு சொல் சொல்ல இடந்தாருங்கள். நன்னூலார் வினாவை ஆறு வகையாக்கினார். ஒன்றை அறியாதவன் அறிதற்குக் கேட்பது அறியா வினா. மாணவனுக்கு ஆடை இல்லையோ என்று, கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடை வினா. பிராங்கிளின் வினா தொடக்கத்திலே அறியா வினா. இவர் உள்ளத்தில் என்ன இருக்கின்றது என்று அறியக் கேட்டது. விடையின்றி ஒருவர் திகைக்கும்போதே அது கொடை வினாவாக மாறுகின்றது. வாழ்தற்குரிய காரணம் இவரிடம் இல்லை. ஆகவே அதனை இவரோடு சேர்ந்து தேடிக் கொடுக்க வேண்டும் என்பது அப்பொழுது வைத்தியரின் கடனாகின்றது. வாழ்க்கைக்குப் பொருள் தேட உதவுவதையே அவர் பின்னர் லோகோதெரபி என்னும் மருத்துவ முறையாக வகுத்தார். செய்யும் தொழிலிலே பொருள் உண்டு. நேசிக்கும் மனிதரிடத்தே பொருள் உண்டு. தவிர்க்க முடியாத துன்பத்தை ஏற்கும் மனநிலையிலும் பொருள் உண்டு என்பது அதன் சாரம்.

அந்தக் கொள்கையைக் காலம் கொடுமையாகச் சோதித்தது. 1938ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹிற்லரின் படை ஒஸ்திரியாவிற் புகுந்தது. 1940 முதல் பிராங்கிள், யூதர்க்கென எஞ்சியிருந்த ரொத்சைல்ட் வைத்தியசாலையின் நரம்பியற் பிரிவுக்குத் தலைவரானார். அமெரிக்கா செல்வதற்கான அனுமதி 1941இலே அவருக்குக் கிடைத்தது. தாம் சென்றால் முதிய பெற்றோர்க்குக் காவல் இல்லை. முடிவு செய்யாது வீடு திரும்பியபோது, தந்தையார் இடிக்கப்பட்ட யூத ஆலயத்திலிருந்து எடுத்து வந்த சலவைக்கல் துண்டு ஒன்று மேசை மேல் இருந்தது. தாய் தந்தையரைப் போற்றுக என்னும் கட்டளையின் எழுத்தொன்று அதிற் பொறித்திருந்தது. அனுமதியை அவர் கைவிட்டார்.

நாடுகடத்தலுக்கு அஞ்சிய யூதர் பலர் அந்நாள்களிலே தம் உயிரை மாய்க்க முயன்றனர். அவர்களைக் காப்பாற்றப் பிராங்கிள் இயன்றதெல்லாம் செய்தார். வதைமுகாமுக்குச் செல்ல இருப்போரை வலிந்து உயிர்ப்பித்தல் தகுமா என்று அன்றே மாறுபட்டோர் இருந்தனர்; பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலரும் அவரைக் குறைகூறினர். எளிதில் விடையிறுக்கத்தக்க வினாவன்று அது. காப்பாற்றவல்ல வைத்தியன் கைகட்டி நிற்றல் ஆகாது என்பதே அவர் நிலைப்பாடு.

1942ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே பிராங்கிளும், முந்திய ஆண்டு அவர் மணந்த ரில்லி என்னும் இளம் மனைவியும், பெற்றோரும் தெரேசியன்ஸ்ரட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கேயும் அவர் பழைய பணியை விடவில்லை. புதிதாக வந்திறங்குவோர் அதிர்ச்சியால் நிலைகுலைவதைக் கண்டு, அவர்களைச் சந்தித்துப் பேசுதற்கும், உயிர் வெறுத்தோரைக் கவனித்தற்கும் ஒரு தொண்டர் குழுவை அமைத்தார். உலகின் முதற் பெண் யூத குருவாகிய ரெஜினா ஜோனாஸ் அம்மையார் அக்குழுவிலே சேர்ந்து, வந்திறங்கியோரை எதிர்கொண்டு ஆற்றினார். வியன்னாவிலே தேர்ச்சி அறிக்கை நாளிற் செய்த அதே காரியம்தான்: இடர் எப்போது வரும் என்று அறிதல், அதற்குமுன் அங்கே சென்று நிற்றல். 1943 பெப்ரவரியில் தந்தையார் அம்முகாமிலே இறந்தார்.

1944 ஒக்ரோபரில் பிராங்கிள் அவுஸ்விற்சுக்கும், பின்னர் டாக்காவின் கிளைமுகாம்களுக்கும் அனுப்பப்பட்டார். அங்கே இனி வாழ்க்கையிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிச் சாக எண்ணியோர் இருவரைக் கண்டார். வாழ்க்கை உங்களிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்று வினாவை மாற்றிக் கேட்டார். ஒருவருக்கு வெளிநாட்டிலே ஒரு குழந்தை காத்திருந்தது. மற்றவர் விஞ்ஞானி; அவர் எழுதிய நூல் வரிசை முற்றுப்பெறாமல் இருந்தது. அந்தத் தந்தையின் இடத்தை வேறொருவர் நிரப்ப இயலாது. அந்த நூலையும் வேறொருவர் எழுத இயலாது. தம்மை எதிர்பார்ப்பது ஒன்று உண்டென்று இருவரும் உணர்ந்தனர்.

1945 ஏப்பிரல் 27ஆந் திகதி விடுதலை வந்தது. வியன்னாவுக்கு மீண்டபோதுதான் இழப்பின் முழு அளவு தெரிந்தது. தாயார், தமையனார், மனைவி ஆகிய எவரும் உயிரோடில்லை. தங்கை ஒருத்தியே எஞ்சினாள். ஆயிரம் பேரை வாழ்வித்தவர் இப்பொழுது தாமே விளிம்பில் நின்றார். நண்பர்கள் அவரைத் தனியே விடவில்லை. பிற்காலத்தில் ஒஸ்திரியாவின் உபபிரதமராயிருந்த புரூனோ பிட்டர்மான் அவருக்கு ஒரு பதவி கிடைக்க வழி செய்து, தட்டச்சுப் பொறியொன்றும் தேடிக் கொடுத்தார். முடிக்க வேண்டிய நூல் இருந்தது. முடிக்க உதவும் கைகளும் இருந்தன. பிறர்க்கு அவர் தேடிக் கொடுத்தது, தக்க வேளையில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. துயர்தீர்ப்போரையும் எவரேனும் விசாரிக்க வேண்டும் என்பதை நான் இவ்விடத்திலே கற்றேன்.

முகாம் அனுபவத்தை ஒன்பது நாள்களிலே சொல்லி எழுதுவித்தார். 1946இல் வெளிவந்த அந்நூல் பின்னர் உலகமெங்கும் பரந்தது. அதே ஆண்டு வியன்னா நரம்பியற் பொதுமருத்துவமனைக்குத் தலைவராகி, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கடமையாற்றினார். 1947இலே எலியோனோர் அம்மையாரை மணந்து ஒரு மகளைப் பெற்றார். மலையேறுவதில் ஆசை மிக்கவர். அறுபத்தேழாம் வயதிலே விமானம் ஓட்டவும் பழகினார். 1997ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 2ஆந் திகதி, தொண்ணூற்றிரண்டாம் வயதில் இறந்தார். அவர் ஊரிலேயே 1948இல் எர்வின் ரிங்கல் என்னும் வைத்தியர் தற்கொலைத் தடுப்பு நிலையம் ஒன்றை நிறுவினார்; அத்துறைக்குரிய சர்வதேசச் சங்கமும் 1960இலே வியன்னாவில் தோன்றியது.

இன்றைய ஆராய்ச்சி பிராங்கிளின் வழியை எங்கே உறுதிசெய்கின்றது, எங்கே திருத்துகின்றது என்பதையும் சொல்லல் வேண்டும். எந்த வினாவும், எந்த வினாத்தாளும், இன்னார் தற்கொலை செய்வார், இன்னார் செய்யார் என்று நிச்சயமாக வரையறுக்க வல்லதன்று. ஆகவே நன்றாக விடை சொன்னார் என்பதனால் ஒருவரைக் கைவிடுதல் கூடாது. வினா பேச்சின் தொடக்கமே. அதன்பின் பொறுமையாகக் கேட்டல், வீட்டாருக்கு உணர்த்தல், வைத்தியரிடம் சேர்த்தல் ஆகியவை தொடர வேண்டும்.

கேட்டால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடும் என்று அஞ்சுவோர் நம்முள் பலர். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2342 மாணாக்கரை வைத்து நடத்தி 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டியது. கேட்கப்பட்டோர் கேட்கப்படாதோரினும் கலங்கவில்லை. முன்பே மனச்சோர்வுற்றிருந்தோர்க்கு அது சிறிது ஆறுதலாகவும் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 முதல் 29 வரையுள்ள வயதினரின் மரணத்துக்கு மூன்றாவது பெருங்காரணம் தற்கொலை. மௌனத்தினால் நாம் எதனையும் காக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆசிரியரும் பெற்றோரும் வைத்தியராக வேண்டியதில்லை. முன்பு கலகலப்பாய் இருந்த பிள்ளை ஒதுங்குவதையும், உறக்கமும் உணவும் மாறுவதையும், தான் வீட்டுக்குச் சுமை என்று சொல்வதையும், அருமையாய் வைத்திருந்த பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுவதையும் கண்டால், அருகிருந்து நேராகக் கேட்கலாம். கேட்டபின் தனியே விடாதிருக்கலாம். நம் நாட்டிலே 1974 முதல் சுமித்திரயோ அமைப்பு இத்தகையோரின் துயரைக் கேட்டு வருகின்றது. தேசிய மனநல நிறுவனத்தை 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.

பெறுபேறு வெளிவரும் நாளிலே நாம் பிள்ளைகளிடம் எத்தனை பாடத்திற் சித்தி என்று கேட்கின்றோம். அது அறியா வினா. பெறுபேறு வருமுன்னரே, எது வரினும் நேரே வீட்டுக்கு வா என்று சொல்லிவைத்த வீட்டிலே, அந்த வினா எவரையும் அச்சுறுத்தாது. அடுத்த பெறுபேறு வரும் மாதம் நமக்குத் தெரிந்ததே. அதற்குமுன் சொல்லிவைப்போமாக.